இடது கண்ணுக்கும் ஒரு சொட்டு

எங்கள் சலவைக்கூடத்தில் என் அக்காவுக்கு 'ஆமென் அக்கா' என்றுதான் பெயர். மெஷின் நின்றுபோனால் ஜெபம், திரும்ப ஓடினால் ஆமென். "இன்னைக்கு நானூறு பெட்ஷீட் வருது" என்று சூப்பர்வைசர் வந்து குண்டைப் போட்டாலும் ஆமென்தான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது அவளுக்கு. அவளுக்கும் சேர்த்து நான் கடித்து வைப்பேன்.

ஆஸ்பத்திரி பெட்ஷீட்டை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து ஒரு உதறு உதற வேண்டும். பிறகு மடித்துக்கொண்டே எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். மெஷின் இரைச்சலில் தள்ளி நிற்கும்போது பேச்சே கேட்காது. கிட்டே வரும்போது இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். பதினொரு வருடமாக எங்கள் குடும்ப விவகாரம் முழுவதையும் இப்படித் துண்டு துண்டாகத்தான் பேசித் தீர்த்திருக்கிறோம்.

அத்தான் பேக்கரி வேன் ஓட்டினார். ஒரே வருடத்தில் வேனின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது. முதல் தடவை எல்லாரும் கேலி செய்தோம். இரண்டாம் தடவை அக்கா அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டதாம். பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறதாம். "போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். காலையும் சாயந்திரமும் சொட்டு மருந்து. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது" என்றார் டாக்டர். அக்கா தவறவிடவில்லை. அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தை நிமிர்த்தி, கண்ணுக்கு ஒரு சொட்டு. மூன்று மாதம் இப்படியே போனது.

அக்காவின் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனை முடிவில் சாட்சி நேரம். ஜெபித்தது கிடைத்தவர்கள் எழுந்து சொல்வார்கள், சரி. கிடைக்காதவர்களும் எழுந்து, கிடைத்துவிட்டது என்றே விசுவாசத்தில் சொல்வார்கள். வேலையில்லாதவர் "கர்த்தர் எனக்கு வேலை கொடுத்துட்டார்" என்பார். எல்லாரும் கைதட்டிவிட்டு, வெளியே வந்ததும் அவருக்கு வேலை விசாரிப்பார்கள். உள்ளே இருக்கிற யாரும் அதில் ஏமாறுவதில்லை.

அத்தானுக்கு மட்டும் இந்தச் சமாசாரம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் ரொட்டி அதிகம் போகும் நாள். கல்யாணம், ஞானஸ்நானம் தவிர அவர் சபைப் பக்கம் வந்ததில்லை. அந்த ஞாயிறு அதிசயமாக லீவு கிடைத்து வந்திருந்தார்.

அதற்கு மூன்று நாள் முன்புதான் கண்ணை மறுபடி டெஸ்ட் செய்திருந்தார்கள். முடிவை வாங்கப் போனது அக்கா. 'மாற்றமில்லை, மருந்தைத் தொடரவும்' என்றிருந்தது. பார்வை திரும்பும் என்று காத்திருந்தவர் மனசு நோகுமே என்று வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பாஸ்டர், "சகோதரி, இன்னைக்கு நீங்க விசுவாசத்தோட சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார். பாஸ்டர் சொல்லி அவள் எதைத் தட்டியிருக்கிறாள்? எழுந்தாள். மைக்கை வாங்கினாள்.

"என் வீட்டுக்காரர் கண்ணைக் கர்த்தர் சுகமாக்கிட்டார்."

கைதட்டல். ஆண்கள் பக்கத்தில் அத்தான் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர் சொன்ன நல்ல செய்தியைத்தான் இவள் மூன்று நாள் பொத்தி வைத்திருந்து சபை நடுவில் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மருந்துப் புட்டி நேரே குப்பைக்கூடைக்குப் போனது.

மறுநாள் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டேன், "சும்மா சொன்னதுன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

தள்ளிப்போய் உதறினோம். கிட்டே வந்தாள்.

"சும்மா சொல்லலடி. நம்பித்தான் சொன்னேன்."

"நம்பினவ எதுக்கு அந்த மருந்துப் புட்டிக்காகக் குப்பைக்கூடைய நோண்டின?"

மறுபடி தள்ளிப்போனோம். திரும்பி வரும்போது அவள் கண் நிறைந்திருந்தது. "நம்பிக்கையும் இருக்கு, பயமும் இருக்கு. ரெண்டுல எதை நான் அவர்கிட்ட சொல்லுவேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றால், மனுஷன் பதறிப்போய் எழுந்துவிட்டார். "ஐயோ, மருந்தை நிறுத்தச் சொன்னது யாரும்மா?" அன்றைக்கே வந்து அத்தானிடம், அந்தச் சாட்சி விசுவாசத்தில் சொன்னது, டாக்டர் சொன்னதல்ல என்று எடுத்துச் சொன்னார். அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"அப்ப டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே கர்த்தர் அவளுக்குச் சொல்லிட்டாருன்னு அர்த்தம். நீங்க போய் சந்தேகப்படலாமா பாஸ்டர்?"

பாஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடமாயிற்றே அது. தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்.

அக்கா புது மருந்து வாங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். அத்தான் மத்தியானம் அசந்து தூங்கும்போது இமையை மெல்லப் பிரித்து ஒரு சொட்டு விடப் பார்த்தாள். அவர் திடுக்கிட்டு எழுந்து, "வீடு ஒழுகுதா?" என்றார். பிறகு அவள் கையைப் பார்த்தார். திட்டவில்லை. "சாட்சி சொன்னதும் நீ, சந்தேகப்படறதும் நீயா?" என்று மட்டும் கேட்டார். அதோடு அவள் விட்டுவிட்டாள். புருஷனை மீறத் தெரியாதவள். நானாக இருந்தால் மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து சொட்டு விட்டிருப்பேன். இப்போது சொல்கிறேன். அப்போது நானும் ஒன்றும் செய்யவில்லை.

மருந்தை நிறுத்திய ஐந்தாம் மாதம், பேக்கரியின் இரும்புக் கேட் அத்தான் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வேனின் இடது பக்கம் முழுதும் நசுங்கியது. நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை. வேலை போயிற்று. கண் டாக்டர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். "இடது கண்ணு முடிஞ்சுபோச்சும்மா. இனி அதுல ஒண்ணும் செய்யறதுக்கில்லை. வலதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. வலதுக்கு மட்டும் மருந்து எழுதறேன், அதையாவது விட்டுடாதீங்க." கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி உண்டே, அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கினேன்.

வெளியே அத்தான் கேட்டார், "என்ன சொன்னார்?"

"திரும்ப மருந்து விடச் சொன்னார்" என்றாள் அக்கா. பொய்யில்லைதான்.

அடுத்த ஞாயிறு அவரைக் கைப்பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். நானும் போனேன். சாட்சி நேரத்தில் யாரும் கூப்பிடாமலே எழுந்து மைக்கை வாங்கினாள்.

"நான் அன்னைக்குச் சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்கிக்கிறேன். கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் ஆசைப்பட்டதைத்தான் சொன்னேன்."

சாட்சியைத் திரும்ப வாங்குகிற வழக்கம் அந்தச் சபையில் இல்லை. கைதட்டுவதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர் பழக்கதோஷத்தில் "அல்லேலூயா" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். அத்தான் தடவித் தடவி அவள் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து, "உட்காரு, கால் வலிக்கும்" என்றார். ரகசியமாகத்தான் சொன்னார். மைக் அவள் கையில் இருந்ததால் சபை முழுக்கக் கேட்டது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இனிமே கண்ணு விஷயத்துல எங்கிட்ட எதையும் மறைக்காதே." அக்கா ஆமென் என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவளைக் கூப்பிடப் போனேன். அத்தான் ஜன்னலோர நாற்காலியில் முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அக்கா வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டாள். பிறகு இடது கண்ணிலும் விட்டாள். அவளைச் சமையலறைக்கு இழுத்தேன்.

"எடதுக்கு எதுக்குக்கா? வலதுக்கு மட்டும்தானே எழுதினார்?"

"விடலைன்னா ஏன்னு கேப்பாரே."

"நேத்துதானே மறைக்க மாட்டேன்னு ஆமென் சொன்ன?"

"சொன்னேன்." புட்டி மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ இறுகிவிட்டது. "வாய் வரலடி. டாக்டரைப் பார்த்த நாள்லேர்ந்து தினமும் காலைல இன்னைக்குச் சொல்லிடுவேன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் வரேன். அந்த முகத்தை நிமித்தினதும் வாய் வரல."

அங்கிருந்து அத்தான் குரல் கேட்டது. "இன்னைக்கு எடதுல லேசா வெளிச்சம் தெரியற மாதிரி இருக்கு. கூடிய சீக்கிரம் சரியாயிடும், இல்ல?"

நாங்கள் வாசல் நிலையருகே வந்து நின்றோம். மருந்து அவர் இரண்டு கன்னத்திலும் வழிந்திருந்தது. எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிப் பதிலுக்குக் காத்திருந்தார். எதற்கெடுத்தாலும் ஆமென் சொல்கிறவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஜெபத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் நான்தான் சொன்னேன்.

"ஆமென், அத்தான்."