பிரிக்காத பெட்டிகள்

என் அக்கா பிஸ்கட் ஆலையில் பொட்டலம் கட்டுகிறாள். எந்திரங்கள் போடும் சத்தத்தில் அங்கே எட்டு மணி நேரமும் யாரும் யாரோடும் பேச முடியாது. மாமா தவறிப்போன பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. நான் ஒண்டிக்கட்டை, மூன்று பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தேன். மாதம் ஒரு போனோடு என் பாசம் முடிந்துவிடும்.

படியில் உருண்டு காலை ஒடித்துக்கொண்டேன். “தனியா கிடந்து என்ன கிழிக்கப்போற? வாடா,” என்று அக்காதான் டாக்சியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனாள். எனக்கென்று சொன்ன அறையில் கட்டிலையே காணோம். ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். எல்லாம் போனில் பார்த்து வாங்கியவை: மூன்று மிக்ஸி, மசாஜ் பெல்ட், அவள் காலுக்குச் சேராத ஷூ. ஒன்றையும் பிரிக்கவில்லை. தன் கண் ஆபரேஷனுக்கு அவள் எடுத்துவைத்த பணமும் இதில் போயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கடையா வைக்கப்போற? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

“பெட்டி கொண்டுவர்றவங்க பெல் அடிச்சு என் பேரைச் சொல்லிக் கேப்பாங்கடா,” என்றாள் பெட்டிகளை நகர்த்திக்கொண்டே. “நான்தான்னு சொல்லி வாங்கிக்குவேன். அதுக்குத்தான்.”

மாதம் ஒரு போன் போடுகிற தம்பிக்குத் திட்ட என்ன யோக்கியதை?

ஆறு வாரம் என்னைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். குளிக்க நாற்காலி போட்டாள், முதுகு தேய்த்தாள், வேலை விட்டு வந்ததும் மேனேஜர் போலவே நடந்து காட்டிச் சிரிக்கவைத்தாள். நானும் சளசளவென்று பேசித் தீர்த்தேன். திருப்பி அனுப்ப முடிந்த பெட்டிகளை அனுப்பினோம், மற்றதை விற்றோம். புதிதாக ஒன்றுகூட வரவில்லை. கண் ஆபரேஷனுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. பெற்றவள்கூட என்னை இப்படித் தாங்கியதில்லை. இந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மாவுக்கட்டைப் பிரித்த அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே, “இனி நீ உன் வீட்டுக்குப் போலாம்,” என்றாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு எதிரில் உட்கார்ந்து போனை எடுத்தாள். விரல் மேலும் கீழும் ஓடியது. எட்டிப் பார்த்தேன், பாத்திரம் கழுவும் எந்திரம். அந்த வீட்டில் இருப்பதே நாலு பாத்திரம்.

என் கால் நன்றாகத்தான் இருந்தது.

“அக்கா, எனக்கு இன்னும் வலிக்குது.”

ஏற இறங்கப் பார்த்தாள். என் பொய் அவளுக்குத் தெரியாததா!

“டாக்டர் சரியாயிடுச்சுன்னாரே?”

“அவருக்கென்ன தெரியும்? கால் என்னோடது.”

போனைக் கவிழ்த்து வைத்தாள். “அப்ப மிச்சத் துணியெல்லாம் கொண்டுவந்துடு,” என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.