சுத்த சைவத் தூண்டில்

எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லை ஜாதகம் பார்க்கும்போது மட்டும்தான் சொல்வோம். அதுவும் என் கொழுந்தனாருக்கு மீன ராசியாக அமைந்துவிட்டதால், வேறு வழியில்லாமல். தெருவில் கருவாட்டுக் கூடை எதிர்ப்பட்டால் என் கணவர் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அப்படிப்பட்டவர் தூண்டில் பிடிக்க ஆரம்பித்ததற்கு அவருடைய ரத்தக்கொதிப்புதான் காரணம்.

அவர் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமைக் குமாஸ்தா. எண்பதுகளின் தொடக்கத்தில், தலைசுற்றுகிறது என்று திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் போனோம். மாத்திரை எழுதிக்கொடுத்தவர், "குடும்பத்தோட சேர்ந்து ஏதாவது பொழுதுபோக்கு வச்சிக்கிடுங்க" என்றும் சொல்லிவிட்டார். எங்கள் முறை வரும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு காலண்டருக்கு எதிரே. அதில் ஒரு வெள்ளைக்காரர், அவர் மனைவி, ஒரு பெண், ஒரு பையன், நான்கு பேரும் ஓடைக்கரையில் தூண்டிலோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஒரு மகள், ஒரு மகன். கணக்குச் சரியாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரம்பித்தார்.

"ஏட்டி, அந்தக் குடும்பத்தப் பாத்தியா? ஒருத்தர் மொகத்துலயாவது கொதிப்பு தெரிஞ்சுதா?"

"அவுக மீன் திங்கிறவுக. நாம அப்படியா?"

"பிடிக்கிறதுதான் பொழுதுபோக்கு. திங்கிறதா பொழுதுபோக்கு? பிடிப்போம், விட்டுருவோம். பாவமும் கெடையாது."

அவரோடு வேலை பார்த்த கடையநல்லூர்க்காரர் ஒருவரின் தம்பி துபாயில் இருந்தார். அவரிடம் ஊரே டேப்ரிக்கார்டர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. இவர் தூண்டில் கேட்டார். ஏதோ எழுத்துப்பிழை என்று நினைத்த துபாய்க்காரர், திரும்பக் கடிதம் போட்டு விசாரித்துவிட்டுத்தான் வாங்கினாராம். கறுப்பாக, ரேடியோ ஏரியல் போல இழுக்க இழுக்க நீள்கிற தூண்டில். அடியில் சக்கரம், கைப்பிடி. இவர் அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டார்.

தூண்டில் வந்தது சித்திரையில். எங்கள் பக்கத்துக் குளங்களில் அப்போது ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அதற்காக இவர் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொட்டைமாடியில் பயிற்சி. குற்றாலத்தில் வாங்கிய துணித்தொப்பியைப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி நின்று, வெறும் காற்றில் வீசுவார். பிள்ளைகள் இரண்டும் கைதட்டும். ஒருநாள் கொக்கி எதிர்வீட்டு மாடிக்குப் பறந்து, வத்தல் காயப்போட்டிருந்த சேலையில் மாட்டியது. இவர் பதற்றத்தில் சக்கரத்தைச் சுற்ற, சேலை முழு வத்தலோடும் மாடியை விட்டுக் கிளம்பித் தெருவுக்கு மேலே வந்துவிட்டது. "சக்கரம் நல்ல வலுவா இருக்கு" என்றார். நான் அந்த வாரம் இரண்டு வீட்டுக்கும் வத்தல் போட்டேன்.

கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. மேலநீலிதநல்லூர் போகிற வழியில் ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது என்று கேள்விப்பட்டதும் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மார்கழியில் வேண்டாம் என்று நான் நிறுத்திவைத்தேன். பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

அடுத்த சிக்கல் இரை. மண்புழுதான் நல்லது என்று கடையநல்லூர்க்காரர் சொல்லியிருந்தார்.

"புழு உயிரில்லையா?" என்றார் இவர். "மீனுக்கும் சைவமே போடுவோம். கோதுமை மாவைப் பெசஞ்சு குடு. கொஞ்சம் பெருங்காயம் சேத்துக்கோ. வாசனைக்கு வரும்."

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக்கூட நான் அவ்வளவு கட்டுச்சோறு கட்டியதில்லை. புளியோதரை, தயிர்சாதம், துவையல், பெருங்காய உருண்டை, குடை, ஜமுக்காளம், டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். இவர் பேண்ட், சட்டையை உள்ளே விட்டு, பெல்ட், தொப்பி. குளத்தங்கரையில் தூண்டிலை இழுத்து நீட்டியதும் ஆடு மேய்த்தவர்களும் துணி துவைத்தவர்களும் வந்து கூடிவிட்டார்கள்.

"என்னவே செய்யுதாவ?"

"ஆழம் பாக்க வந்திருக்காவ. கவர்மெண்டு ஆளு. தொப்பியப் பாத்தாத் தெரியலையா?"

இவருக்கு அந்தப் பதவி பிடித்துவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். உருண்டை உருண்டையாகக் குளத்துக்குள் போனது. மீன்கள் உருண்டையைத் தின்றுவிட்டுக் கொக்கியைத் திருப்பித் தந்தன. கூட்டம் சலித்துப்போய்க் கலைந்தது. மத்தியானம் இவருக்குப் பசித்தது. "ஆட்டாம அசைக்காமப் பிடி" என்று தூண்டிலை என்னிடம் தந்துவிட்டுப் புளியோதரையைப் பிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் நூல் விறைத்தது. கிணற்றில் வாளி தண்ணீர் மொள்ளும்போது கயிற்றில் ஒரு கனம் வருமே, அது எனக்குப் பழக்கம். ஆனால் இந்த வாளி என்னைத் திருப்பி இழுத்தது. அந்த நிமிஷத்தில் நான் சைவமா, யார் வீட்டு மருமகள் என்பதெல்லாம் நினைவில் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன். மீசையோடு ஒரு பெரிய கெளுத்தி கரைக்கு வந்து துள்ளியது.

"அப்பா, விட்டுருவோம்னு சொன்னீங்கள்லா, விடுங்க" என்றாள் மகள்.

விடவேண்டும் என்றால் யாராவது தொடவேண்டும். இதை இவர் யோசித்திருக்கவில்லை. கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு கிட்டே போனார். மீன் வாலை அடித்தது. இவர் ஜமுக்காளத்துக்குத் திரும்பிவிட்டார். மகன் அழ ஆரம்பித்தான். சத்தம் கேட்டுக் குளத்துக் காவல்காரர் கம்போடு ஓடிவந்தார்.

"யாரக் கேட்டு மீன் பிடிச்சிய? இது குத்தகைக் கொளம்."

"பிடிக்கல வே. விடப்போறோம்."

"விடுததுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

"பொழுதுபோக்கு."

காவல்காரர் மீனைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், புளியோதரையைப் பார்த்தார். பிறகு மீனைக் கொக்கியோடு கரையோரத் தண்ணீரில் கிடக்கவிட்டு, குத்தகைக்காரருக்கு ஆள் அனுப்பினார். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். மீனைக் கண்டதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்.

"தப்பா நெனைக்காதிய சார்வாள். வாடை ஒத்துக்கிடாது. எங்க வீட்ல முட்டகூடக் கெடையாது. குத்தகை மட்டுந்தான்."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்களும் சுத்த சைவம் அண்ணாச்சி!"

அவ்வளவுதான். இருவரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். ஊரில் புலால் உண்பது எப்படிப் பெருகிவிட்டது, பிள்ளைகள் எப்படிக் கெட்டுப்போகிறார்கள் என்று என் புளியோதரையைத் தின்றபடி வருத்தப்பட்டார்கள். நடுவில் குத்தகைக்காரர் திரும்பி, "ஏலே, அந்த மீனக் கொக்கியிலேருந்து எடுத்துக் கூடையில போடு. நாளைக்குச் சந்தைக்குப் போயிரட்டும்" என்றார். இவர் தலையாட்டினார்.

காவல்காரர் கொக்கியை எடுத்தார். மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"அது நான் பிடிச்ச மீனு. நாந்தான் விடுவேன்" என்று முந்தானையால் வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். சந்தைக்குப் போகவிருந்த மீன் நழுவித் துள்ளி, என் உள்ளங்கையில் முள்ளைப் பாய்ச்சிவிட்டு ஆழத்துக்குள் போனது. வலியில் எனக்குக் கண் இருட்டியது. கரையில் இரண்டு சைவர்களும் எழுந்து நின்றார்கள்.

"ஒரு மீனு போனாப் போகுது அண்ணாச்சி. சீவகாருண்யந்தானே" என்றார் என் கணவர். குத்தகைக்காரரால் மறுக்க முடியவில்லை.

ஊர் வந்து சேர்வதற்குள் கை பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் கேட்டால் கதவிடுக்கில் நசுங்கியதாகச் சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே பேசிவைத்துக்கொண்டோம். அன்றைக்கு ஊசி போட்ட கம்பவுண்டரிடமும் இவர் அதையே சொன்னார். அவர் கையைத் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, "எந்தக் கொளத்துக் கதவு சார்?" என்று கேட்டார்.

நான் அதோடு விட்டுவிடுவேன் என்றுதான் இவர் நினைத்தார். வீக்கம் வடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை நானே கட்டுச்சோறு கட்டினேன். பங்குனியில் தண்ணீர் வற்றும்வரை போனோம். நானும் மகளும் மாறி மாறிப் பிடித்தோம், விட்டோம். கையில் முள் படாமல் செவுளுக்குப் பின்னால் எப்படிப் பிடிப்பது என்று பழகிவிட்டது. மகன் கரையில் மணல்வீடு கட்டுவான். என் கணவரும் குத்தகைக்காரரும் வேப்பமர நிழலில், மீன்வாடை எட்டாத தூரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.