கடைசியில் நிற்காத வேலை

எண்பதுகளின் இறுதியில் காரைக்காலில் எங்கள் தாலுகா அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. அணைக்கும் முன் ஒவ்வொரு திரையாகப் போய், ஓடுகிற வேலை பதிவாகி முடிந்ததா என்று பார்ப்பார். ஓடுகிற வேலைகளைப் பதிவாக்கி ஒழுங்காக நிறுத்துவதற்கென்றே சின்ன புரோகிராமும் எழுதியிருந்தார்.

ஒரு புயல் நாளில் கரண்ட் போனது. பேட்டரி சில நிமிடம்தான் தாங்கும். புரோகிராமை ஓடவிட்டார். மற்ற வேலைகள் ஒழுங்காக முடிந்தன. வரிச்சிக்குடி விவசாயிகளின் வெள்ள நிவாரணப் பதிவு மட்டும் நிற்கவில்லை.

"ஆஃப் பண்ணிடுங்க சார், கடைசி பஸ்ஸும் போயிடும்," என்றேன்.

"பாதியில நிறுத்துனா மொத்தமும் கெட்டுடும்ங்க. நீங்க கெளம்புங்க."

பேட்டரி தீர்ந்தது. பதிவு முழுவதும் அழிந்தது. மறுநாள் விவசாயிகளிடம் அவரே சொன்னார். "நிவாரணத்துக்குப் பதியுற கெடு நேத்தோட முடிஞ்சிருச்சே," என்றார் ஒருவர்.

நிறுத்தியிருந்தாலும் அழிந்துதான் போயிருக்கும். அது முடியும்வரை பேட்டரி தாங்காது என்று தெரிந்தும் ஏன் காத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.