ரதவீதியில் பாக்தாத்

காசிராஜன் எங்களை பாக்தாத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலிருந்துதான். டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேர்ப்பக்கம் வந்து நின்றால் போதும். கால் வலிக்காதவர்கள் வரலாம், வாய் ஓயாதவர்கள் வரக்கூடாது. இந்த இரண்டாவது சட்டம் என்னை மனதில் வைத்துப் போட்டது என்று எனக்குத் தெரியும். வடக்கு ரதவீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவள் நான். பகல் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடுமா என்ன?

காசிராஜனுக்கு ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தெருவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் கூப்பிட்ட குரலுக்கு வருவார், போட்டுவிட்டுப் போவார், அதற்கு நடுவில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். என் இன்ஸ்டிடியூட்டில் ஒரு தடவை மெயின் ஸ்விட்ச் கருகி, அரை நாள் உட்கார்ந்து சரிசெய்தார். அந்த அரை நாளும் அவர் சொன்னது, "தள்ளி நில்லுங்க டீச்சரம்மா" மட்டும்தான். அப்படிப்பட்ட மனுஷருக்கு ரதவீதியில் கால் வைத்ததும் எங்கிருந்துதான் பேச்சு வருமோ!

எண்பத்து நாலில் அவரும் அதே தெரு சோலைராஜும் ஒரு கட்டடக் கம்பெனிக்கு ஆளாகச் சேர்ந்து ஈராக் போனார்கள். எண்பத்தெட்டில் காசிராஜன் மட்டும் திரும்பி வந்தார். சோலைராஜ் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாக்தாத்தின் பழைய பேட்டையில் காணாமல் போயிருந்தான். ஓடிப்போய்விட்டான் என்றது கம்பெனி. யுத்த காலம், பட்டாளத்துக்காரன் பிடித்துக்கொண்டு போயிருப்பான் என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை. அவன் பெண்டாட்டி ரத்தினம் காசிராஜன் வேலை பார்த்த அதே மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பார்த்தாள். காலையில் அவள் பஸ் ஏறும்போது ஊர் அவள் நெற்றியைத்தான் பார்க்கும். பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. நம் ஊர் வாய்க்குப் பூட்டு போட எந்த ஆசாரி இருக்கிறான்?

காசிராஜன் ஊர் வந்த மறுநாளே ரத்தினம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அழவில்லை.

"எங்கெங்க தேடுனீக? அத மட்டும் சொல்லுங்கண்ணே."

அவர் சொல்லிப் பார்த்தார். வலது பக்கம் ஒரு சந்து, அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் ஒரு கொல்லன் பட்டறை என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "சொல்ல வரல ரத்தினம். வா, நடந்து காட்டுதேன்."

இப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் பாக்தாத் பயணம். முதலில் அவர்கள் இரண்டு பேர்தான் நடந்தார்கள். ஒரு ஆணும் பெண்ணும் தினம் சேர்ந்து நடந்தால் ஊர் சும்மா இருக்காது என்று நான் துணைக்குச் சேர்ந்தேன். என் பின்னால் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்தார்கள், பிள்ளைகள் சேர்ந்தார்கள். பொழுது போகாதவர்களுக்கு அது வேடிக்கை. ரத்தினத்துக்கு அது தேடல். எனக்கு இரண்டும்தான்.

தேரடியில் நின்று காசிராஜன் கோபுரத்தைக் காட்டுவார். "அங்க பள்ளிவாசல் உச்சியில தங்கக் கும்பா. வெயில் இறங்குற நேரம், இப்ப இருக்குல்லா, இதே நேரம், அது பழுத்த மாம்பழம் மாதிரி இருக்கும். நம்மள மாதிரிதான், பள்ளிவாசலச் சுத்தி நாலு பக்கமும் வீதி. வீதிக்குள்ள சந்து, சந்துக்குள்ள சந்து." சொல்லிவிட்டுக் கீழ ரதவீதியில் கோயிலை வலப்பக்கம் வைத்து நடப்பார். நாங்கள் பின்னால் போவோம்.

நம்ப மாட்டீர்கள், பத்தடி போவதற்குள் ஊர் மாறிவிடும். எதிரும் புதிருமான மாடி வீடுகளிலிருந்து மரச்சட்டம் பின்னிய ஜன்னல்கள் தெருவை நோக்கி நீண்டு, எட்டிக் கைகுலுக்கிக்கொள்ளும் போல நெருங்கி நிற்கும். ஜன்னலுக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பார்கள், முகம் தெரியாது. பால்கோவாக் கடை அடுப்புகள் கொதிக்கிற இடத்தில் பேரீச்சம்பழப் பாகு கொதிக்கும். வாடகை சைக்கிள் கடை இருந்த இடத்தில் வயசாளிகள் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீ குடிப்பார்கள். சுவரில் நீல ஓடு, மயில் கழுத்து நீலம். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து காற்று இறங்கினால் அது டைக்ரிஸ் ஆற்றுக் காற்று. சரியாக அப்போது நம் ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் புல்லரித்துவிடும். ஒருவரும் பேச மாட்டோம், நான் உள்பட.

ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் காசிராஜன் நிற்பார். கடைக்காரரிடம் கேட்பது போலக் கை விரித்துக் கேட்பார்: "ஹிந்தி சதீக்?" இந்தியாக்காரன், என் சிநேகிதன், பார்த்தீர்களா என்று அர்த்தம். பிறகு அவரே கடைக்காரராகி, நாக்கைத் தட்டி, தலையைப் பின்னால் சாய்த்துச் சொல்வார்: "மாகூ." இல்லை என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்வது அது. பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் ஸ்டூடண்ட் ஒருத்தியிடம் ஃபீஸ் கேட்டால் அவளும் தலையைச் சாய்த்து "மாகூ டீச்சர்" என்பாள். ரத்தினம் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்குக் கடை அவர் "மாகூ" சொல்லும்போது அவள் ஒரு தலையாட்டு ஆட்டுவாள். இந்த இடம் பார்த்தாயிற்று, அடுத்த இடம்.

தெற்கு ரதவீதியில் பாத்திரக் கடை வந்ததும் அவர் குரல் இறங்கிவிடும். அதுதான் செம்புப் பாத்திரக் கடைவீதி. நூறு சுத்தியல் ஒரே நேரத்தில் தட்டும். "இங்கதான். உனக்கு ஒரு கூஜா வாங்கணும்னு நின்னான். மூக்கு வச்ச கூஜா. நீ வெல பேசிட்டு வாலேன்னு நான் முன்னால நடந்துட்டேன். திரும்பிப் பாத்தா ஆள் இல்ல."

ஆள் இல்லை என்றதும் காசிராஜன் என்ன செய்தார்? எங்கள் ஊரில் பிறந்த எவனும் செய்வதைத்தான் செய்தார். ஆடிப்பூரத் தேர் அன்றைக்குக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே தாய்ப்பாலோடு சொல்லிக் கொடுப்பார்கள்: "நிக்காதே, அழாதே. கோயில வலது கைப்பக்கம் வச்சுக் கூட்டத்தோட சுத்தி வா. தேரடியில நாங்க நிப்போம்." காசிராஜன் அந்தத் தங்கக் கும்பாவை வலது கைப்பக்கம் வைத்து நடந்தார். இருட்டும் வரை சுற்றிச் சுற்றி வந்தார். அடுத்த வெள்ளி, அதற்கு அடுத்த வெள்ளி, லீவு கிடைத்த வெள்ளியெல்லாம் போய்ச் சுற்றினார். கம்பி இழுக்கப் போன எலெக்ட்ரீஷியனுக்கு அந்தப் பேட்டையின் ஒவ்வொரு கதவும் மனப்பாடமானது அப்படித்தான்.

எங்களோடு வரும்போதும் அவருக்கு அந்தப் பயம் விடவில்லை. ஒவ்வொரு வீதித் திருப்பத்திலும் நின்று தலை எண்ணுவார். சில நாள் இரண்டு தடவை எண்ணுவார். "நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?" என்று நான் கேலி செய்வேன். அவர் காதில் வாங்காமல் எண்ணி முடித்துத்தான் அடுத்த வீதிக்குக் கால் எடுப்பார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. ஒருநாள் திரும்பித் தேரடிக்கு வரும்போது செல்லத்தாய் நின்றுகொண்டிருந்தாள். ரதவீதிகளில் கூடையைத் தூக்கிக்கொண்டு பூ விற்கிறவள். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க நடக்குற நேரந்தான் நானும் நாலு வீதியும் சுத்துதேன். தெனம் சுத்துதேன். ஒருநா கூட உங்கள வழியில பாக்கல பாருங்க. நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாரீக. பொறவு எங்கிட்டுப் பாக்க?"

பூக்காரி கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். ரத்தினம் நின்ற இடத்திலேயே நின்றாள். காசிராஜன் முகத்தைப் பார்த்தேன். ஃப்யூஸ் போன வீடு மாதிரி இருந்தது.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. தொலைந்தவன் சோலைராஜும் இந்த ஊர்ப்பிள்ளைதானே? அவனும் நின்றிருக்க மாட்டான். அந்த வெள்ளிக்கிழமை, அந்த முதல் சாயங்காலம், அவனும் தங்கக் கும்பாவை வலது கைப்பக்கம் வைத்து காசிராஜனைத் தேடி நடந்திருப்பான். ஒருவன் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் ஒரு வீதித் தூரம். இங்கே தேரடியில் யாராவது நிற்பார்கள். அங்கே யார் நின்றார்கள்? யாராவது ஒருவர் எதிர்ப்பக்கமாக நடந்திருந்தால் கால் மணியில் முட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த ஊர்க்காரன் எதிர்ப்பக்கமாக நடப்பானா? சைக்கிள் போகும், பஸ் போகும், அது வேறு. வலம் வருகிறவன் இடம் வர மாட்டான். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில், கொள்ளிக்குடம் தூக்கியவன்.

அன்றையிலிருந்து காசிராஜன் தேரடிக்கு வரவில்லை. மில்லிலிருந்து வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பூக்காரி மேல் கோபப்பட்டு என்ன? அவள் கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

தொண்ணூற்றொன்றில் தைப்பொங்கல் கழிந்த கையோடு ரேடியோவில் செய்தி வந்தது. பாக்தாத் மேல் குண்டு போடுகிறார்கள். எங்கள் தெருவில் வேறெந்த ஊருக்காகவும் அப்படி ஒரு துக்கம் வந்து நான் பார்த்ததில்லை. கண்ணால் பார்க்காத அந்த ஊரில் எங்களுக்குத் தெரியாத சந்து இல்லையே! பேரீச்சம்பாகுக்காரன் இருப்பானா, டீக்கடை வயசாளிகள் எங்கே ஓடுவார்கள், அந்த மர ஜன்னல்கள் என்ன ஆகும் என்று சொந்தக்காரர்களைப் போல விசாரித்துக்கொண்டோம். சாயங்காலம் ஒருவரும் கூப்பிடாமலே எல்லோரும் தேரடிக்கு வந்துவிட்டோம். காசிராஜனும் வந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"இன்னைக்கு எங்கிட்டுப் போக? எரியுது எல்லாம்," என்றார்.

ரத்தினம் முன்னால் வந்தாள். தலை குளித்து, பொட்டு வைத்து, பூ வைத்திருந்தாள்.

"நீங்க எப்பவும் போல வலமா வாங்கண்ணே. நான் எதிர்ல வாரேன்."

"ஏட்டி, வேணாம்," என்றார் காசிராஜன். தீபத்துக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. திரும்பி, வடக்கு ரதவீதிப் பக்கமாக, கோயிலை இடது கைப்பக்கம் வைத்து நடந்தாள்.

நாங்கள் வலமாக நடந்தோம். காசிராஜன் ஒரு கடையிலும் நிற்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்த ஊர் தெரிந்தது. ஜன்னல்கள் இருந்தன, சிரிப்பு இல்லை. நீல ஓட்டின் மேல் சாம்பல் படிந்திருந்தது. செம்புக் கடைவீதியில் ஒரு சுத்தியல் கூடத் தட்டவில்லை. பாங்கு சொன்னார்கள். அது நம் ஊர்ப் பாங்கு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

தெற்கு ரதவீதி முடிந்து மேல ரதவீதிக்குத் திரும்பினோம். மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது, வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. தூரத்தில், வடக்கு முனையிலிருந்து, ஒரு ஆள் வருவது தெரிந்தது. முகம் தெரியவில்லை. காசிராஜன் என் கையைப் பிடித்துவிட்டார். அந்த மனுஷர் அதற்கு முன்னும் பின்னும் என்னைத் தொட்டதில்லை. அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதேதான் தோன்றியது. கூஜாவும் கையுமாக ஒருவன் எதிரே வருகிறான். வருகிறான், வந்துவிட்டான்.

ரத்தினம்தான். வீதியின் நடுவில், எதிர்ப்பட்ட ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்த்துக்கொண்டு வந்தாள். எங்களுக்கு நாலடி முன்னால் கூடையோடு நின்ற செல்லத்தாய் முகத்தைப் பார்த்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். கடைசியாகக் காசிராஜன் முன்னால் வந்து நின்றாள். நாக்கைத் தட்டினாள். தலையை மெல்லப் பின்னால் சாய்த்தாள்.

"மாகூண்ணே."

அவர் அப்படியே தெருவில் உட்கார்ந்து, பஞ்சு ஒட்டிய தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"நீங்க அந்தப் பக்கமாத் தேடுனது போதும். எதிர்ப்பக்கம் நான் பாத்துட்டேன். அவிய இருந்தா என்னையப் பாக்காமப் போயிருக்க மாட்டாவ. இனி யாரும் தேட வேணாம்." தலையிலிருந்த பூவை எடுத்தாள். தரையில் போடவில்லை, செல்லத்தாயின் கூடையிலேயே திரும்ப வைத்தாள். செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செத்த நேரம் கழித்து ரத்தினமே அவரைக் கைகொடுத்துத் தூக்கினாள். இந்த முறை அவளும் எங்களோடு வலமாக நடந்தாள். வடக்கு ரதவீதித் திருப்பம் வந்ததும் காசிராஜன் பழக்கத்தில் நின்றார். நாங்களும் நின்றோம். அவர் விரலைத் தூக்கி எண்ண ஆரம்பித்தார். பாதியில் விரல் நின்றுவிட்டது.

"எல்லாரும் வந்தாச்சுண்ணே," என்றாள் ரத்தினம். "நடங்க."