பதினேழாம் நம்பர் தாமோதரன்

கழுத்தில் மூன்றாவது முறையாகச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார் தாமோதரன். முதல் முறை நிலக்கரித் தூசிக்கு. இரண்டாவது முறை கிரீஸுக்கு. மூன்றாவது முறை எதற்கு என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது.

கிரேனுக்குக் கீழே ஒரு குழாய் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஏறி மதியம் இரண்டு மணிக்கு இறங்கும் மற்ற ஆப்பரேட்டர்கள் அதில் முகத்தை மட்டும் நனைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். தாமோதரன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அரை மணி நேரம் தேய்ப்பார். “அண்ணாத்த தோல உரிச்சி வச்சிட்டுதான் வூட்டுக்குப் போவாரு” என்பார்கள் கூலியாட்கள். ராயபுரத்தில் அவர் மனைவி வரலட்சுமிக்கு இதில் தனிப் பெருமை. “ஹார்பர்ல கீற ஆளுன்னு யாருனா சொல்வாங்களா? பாங்கில வேல செய்றவரு மாரி வராரு பாரு” என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிச் சொல்லி, அந்தச் சந்தில் மற்ற கணவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாமல் போயிற்று.

மேலே, கிரேன் கேபினில், தாமோதரன் சென்ட் போட்டுக்கொள்வார். அதுதான் விஷயம். அதிலும் பூ வாசனை. அதிலும் பொம்பளை சென்ட்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கப்பலின் கேப்டன் மனைவி ஏணிப்படியில் இறங்கி வந்தாள். கடல்காற்று அவளைத் தொட்டுவிட்டு நேராகக் கேபின் ஜன்னலுக்கு வந்தது. ஒரு கட்டு இரும்புக் குழாய்களை அந்தரத்தில் தொங்கவிட்டபடி தாமோதரன் இரண்டு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். “யோவ் தாமோ! இன்னா, மேலயே வச்சி கொடி ஏத்தப் போறியா? எறக்குய்யா!” என்று கீழே ஃபோர்மேன் தொண்டை கிழியக் கத்தினார். குழாய் இறங்கியது. வாசனை இறங்கவில்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமை மண்ணடியில் கடை கடையாக ஏறினார். கடைசியில் ரசூல் பீவியின் அத்தர் கடை. பீரோ அளவுதான் இருக்கும். அந்த அம்மாளிடம் தாமோதரன் சொன்ன அடையாளம் இது:

“மல்லிதான், ஆனா மல்லி இல்ல. ரோசா அதுக்குப் பின்னால குந்திகினு கீது. நடுவுல, குளிச்ச கொயந்த தலைல பவுடர் போட்டா ஒண்ணு வரும் பாரு, அது.”

ரசூல் பீவி யோசிக்கக்கூட இல்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி ஒரு குட்டி பாட்டிலை எடுத்து வைத்தார். “ஃபாரின்ல பெரிய எடத்துப் பொம்பளைங்க போடற சென்ட்டு, தம்பி. அது அசலு. இது அத மாதிரி நாம கலந்தது. அது பீச்சி அடிக்கிறது, பறந்து பூடும். இது எண்ண, நின்னு பேசும். பேரு நம்ம வாயில நொழையாது, பதினேழுன்னு கேளுங்க.” அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: “வூட்ல தங்கச்சிக்கா?”

“ஆமா” என்றார் தாமோதரன்.

அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த “ஆமா”வைச் சொல்லி வருகிறார். பார்த்தே இராத வரலட்சுமி மீது ரசூல் பீவிக்கு மிகுந்த மரியாதை ஏற்பட்டுவிட்டது. “மாத்தவே மாட்டேங்குது பாருங்க, அதான் டேஸ்ட்டு. தங்கச்சிக்கு நான் சலாம் சொன்னேன்னு சொல்லுங்க.” வரலட்சுமிக்கு அந்த சலாம் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. ஊதுபத்தி ஏற்றினாலே தும்முகிறவள் அவள்.

கீழே போட்டுக்கொண்டு நடமாட முடியாதா என்றால், முடியாது. ஒரு தடவை வின்ச் ஓட்டுகிறவர் ஒருவர் மகள் வைத்துவிட்ட மருதாணியோடு வேலைக்கு வந்தார். ஆறு வருஷமாக அவர் பெயர் மணப்பொண்ணு. சம்பளக் கவுண்டரில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தாமோதரனோ சங்கத்தில் செக்‌ஷன் செயலாளர். மைக் இல்லாமல் கேட் மீட்டிங் பேசுகிறவர். மீசையை இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டிருப்பார். அந்த மீசைக்குக் கீழே குளித்த குழந்தை வாசனை வந்தால் அடுத்த ஸ்டிரைக்குக்கு யார் வருவார்கள்?

ஆகவே மேலே பூ, கீழே சோப்பு. நாலு வருஷம் இது பிசகாமல் நடந்தது. அவருக்கு அடுத்த ஷிஃப்டில் ஏறியவர் செல்வம், பெண்டாட்டி இல்லாதவர். அவர் முதுகை மோந்து பார்க்க ஆள் கிடையாது.

செல்வம் ரிடையர் ஆனதும் அந்த ஷிஃப்டுக்குத் திலீப் வந்தான். கல்யாணமாகி ஆறு மாதம். அதற்கு முன்னால் ஆறு வருஷம் கந்தகக் கப்பல்களில் வேலை செய்து மூக்கு செத்துப்போனவன். “கருவாடும் ஊதுவத்தியும் எனக்கு ஒண்ணுதாண்ணா” என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

அன்று அவன் சிரிக்கவில்லை. கிரேனில் ஏறாமல் குழாய் பக்கத்திலேயே நின்றான்.

“இன்னா நைனா, மூஞ்சி தொங்குது?”

“பூட்டாண்ணா.”

“யாரு?”

“ஜெயஸ்ரீ. துணிமணி எல்லாம் எட்த்துகினு அவுங்கம்மா வூட்டுக்குப் பூட்டா.”

“சண்டயா?”

“சண்டன்னா பரவால்லியே. என் முதுகுல பூ வாசன வருதாம்.”

சோப்பு தாமோதரன் கையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

“முதுகுலயா?”

“அதத்தான் அவளும் கேக்கறா. முன்னாடி வந்தா பஸ்ல யாருனா உரசிட்டாங்கன்னு வச்சிக்கலாமாம். முதுகு முச்சூடும் வருதுன்னா, யாரோ கட்டிப் புடிச்சாதானே வரும்ன்றா. டூட்டிக்குப் போற அன்னிக்கெல்லாம் வருதாம், லீவு போட்டா வரலியாம்.”

“நீ இன்னா சொன்னே?”

“வாசனயே இல்லன்னேன். எனக்கு வரலியேண்ணா! சட்டய மூஞ்சில போட்டு அமுக்கிப் பாத்துட்டேன், ஒண்ணும் வரல. அதுக்குதான் ஜாஸ்தியா அழுவறா. தெரு முச்சூடும் மணக்குது, இவன் இல்லன்றானேன்னு.” திலீப் மூக்கை உறிஞ்சினான். “ஞாயித்துக்கெயம ஊரக் கூட்டி அத்து வுட்றாங்களாம். அவ மாமன் கடலுக்குக்கூடப் போவாம இதுக்கோசரம் குந்திகினு கீறாரு.”

சொல்லிவிட்டு அவன் ஏணியில் ஏறினான். தாமோதரன் ஈரக் கழுத்தோடு அண்ணாந்து பார்த்தார். நிலக்கரிக் கப்பல் நிற்கும்போது தூசிக்குப் பயந்து கேபின் ஜன்னல்களைச் சாத்திவைப்பது வழக்கம். உள்ளே அடுப்பு. சீட்டின் ரெக்சின் கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே தெரியும். பிடரியில் போட்ட எண்ணெய் வியர்வையோடு இறங்கி, நாலு வருஷமாக அந்த ஸ்பாஞ்சுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது திலீப் அதில் சாய்ந்து எட்டு மணி நேரம் வேர்ப்பான். பதினேழாம் நம்பர் நின்று பேசும் என்று ரசூல் பீவி சொன்னது பொய்யில்லை.

மறுநாள் சீட்டை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். மேலே மண்ணெண்ணெய், அடியில் மல்லி. அதற்கும் மறுநாள் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினார். மூக்கு நிறையக் கரி, அதற்கும் அடியில் மல்லி. லிவரைப் பிடித்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். திலீப்பிடம் மட்டும் சொன்னால் அவன் பெண்டாட்டியிடம் சொல்வான். அவள் அம்மாவிடம். அம்மா மீன் எடுக்கக் காசிமேட்டுக்கு வருகிறவள். காசிமேட்டிலிருந்து துறைமுகக் கேட்டுக்கு சைக்கிளில் கால்மணி நேரம். திங்கட்கிழமை காலைக்குள் தனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்றுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை குழாயடியில் திலீப்பிடம் சொன்னார்: “நாளிக்கி நானும் வரேன்.”

“நீ எதுக்குண்ணா?”

“வரேன்னா வரேன்.”

திருவொற்றியூரைத் தாண்டி ஒரு குப்பத்தில் ஜெயஸ்ரீயின் வீடு. ஊர்க்கூட்டம் சாயங்காலம் என்பதால் காலையிலேயே போய்விட்டார்கள். வாசலில் மாமன் வலை தைத்துக்கொண்டிருந்தார். அம்மா குப்பம்மா, மருமகனைப் பார்க்காமல் தாமோதரனின் மீசையைப் பார்த்தாள்.

“மத்தியஸ்தம் பண்ண ஆள இட்டாந்துகினாரா தொர?”

“மத்தியஸ்தம் இல்லம்மா” என்றார் தாமோதரன். ஆயிரம் பேருக்குக் கேட்கும் குரல் அன்று முதல் வரிசைக்கே கேட்கவில்லை. “அந்த வாசன என்னுது.”

மாமனின் ஊசி நின்றது. திலீப் அவர் பக்கம் திரும்பினான். “இன்னாண்ணா சொல்றே?”

“நாந்தான் சென்ட்டு போடறேன். கேபின்ல. சீட்டுல எறங்கி ஊறிக்கிது. நீ அப்பால அதுல குந்தற. உன் முதுகுல ஏறிக்கிது. அவ்ளோதான்.”

குப்பம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை; மாமன் பக்கம் திரும்பினாள். “அய்ய! கேட்டியா அண்ணாத்த? இம்மாம் பெரிய மீசய வச்சிகினு மல்லிப்பூ வாசனயாம்! யோவ், பீலா வுட்றதுன்னாலும் ஒரு அளவு வாணாமா?”

ஜெயஸ்ரீ உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “சிரிக்காதம்மா. தோஸ்துக்கோசரம் பொய் சொல்ல வந்துகீறாரு, பாவம்.”

தாமோதரன் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, மூடியைத் திறந்து, மோந்தாள். முகம் மாறியது.

“அதே வாசனதான்.”

“அதான் சொல்றேன்ல, கண்ணு.”

“இன்னா சொல்றீங்க? எவளுக்கோ இவரு வாங்கிக் குடுத்த பாட்டிலயே எடுத்துகினு வந்து எங்கிட்ட காட்றீங்களா?”

திலீப் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். “சீட்டயாவது கொண்டாந்து காட்டுண்ணா” என்றான்.

“கேட்டுல வுடுவானா? அதுவும் நான் கிருஷ்ணாயில் போட்டுத் தேச்சி வச்சிகீறேன்.”

“ஏன் தேச்சீங்க?” என்றாள் ஜெயஸ்ரீ.

“வெளிய தெரிஞ்சா அசிங்கம்னுதான்.”

இதை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். ஜெயஸ்ரீ வந்து பாட்டிலை அவர் கையில் வைத்தாள்.

“எங்கூட்டு ஆம்பளைங்களும் கல்யாணம் கார்த்திக்கு சென்ட்டு போடறவங்கதான். வூட்டுக்குத் தண்ணி தெளிக்கிறா மாரி சொக்கா மேல அடிச்சிப்பாங்க. டெய்லி போடறவங்க போடறப்ப பாத்தாலே தெரியும். போடுங்கண்ணா. இங்கயே.”

“இங்கயா?”

“எங்கம்மா பாக்க, எம்மாமன் பாக்க.”

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து நாலு பெண்கள் வேலி ஓரம் வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் மீன் கூடை. தாமோதரன் ஒரு தடவை திலீப்பைப் பார்த்தார். கவிழ்த்துப் போட்டிருந்த கூடையில் உட்கார்ந்தார். மேல் பட்டனைக் கழற்றினார். மூடி இரண்டு தடவை வழுக்கியது.

மூடி திறந்தது. மூடியோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சி வெளியே வந்தது. வாசனை மூக்குக்கு வந்ததும் அவர் தோள்கள் இறங்கின. குச்சியை பாட்டிலின் விளிம்பில் ஒருமுறை வழித்தார், சொட்டு கீழே விழாமல். இடது மணிக்கட்டில் ஒரு தொடல். வலதில் ஒன்று. இரண்டையும் சேர்த்துத் தேய்க்கவில்லை. “தேய்ச்சா பூ செத்துப்பூடும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறவிட்டு, மெல்ல ஊதினார். சட்டைக் கையை மடித்து முழங்கையின் உள்மடிப்பில் ஒன்று. தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டைக்குழியில் ஒன்று. பிடரி முடியை மேலே ஒதுக்கிவிட்டு அங்கே நீளமாக ஒரு இழுப்பு. அப்போது கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு சுண்டுவிரலில் ஒரு துளி எடுத்து, மீசை காற்றில் ஆட, வலது காதின் பின்னால் வட்டமாக வைத்தார்.

வேலி ஓரத்தில் யாரும் சிரிக்கவில்லை. மாமன் வலையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

“போதும்ணா” என்றாள் ஜெயஸ்ரீ. “போதும், தெரிஞ்சிகினேன். அம்மா, என் பைய எடு.”

கண்ணைத் திறக்காமலே தாமோதரன் ஒரு விரலை உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னார். இன்னும் இடது காது பாக்கி இருந்தது.