மாமாவுக்குப் பதில் நான் ஏற்றிய மதிப்பெண்

கேரளச் சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் எதையோ படித்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. முன்னாள் ராணுவத்தினர் குடியிலிருந்து மீள, வீட்டிலிருந்தபடியே போனில் செய்யும் மூளைப் பயிற்சி. வரும் கார்டுகளை வரிசையாக நினைவில் வைக்க வேண்டும். மது பாட்டில் படம் வந்தால் விரலால் தள்ளிவிட வேண்டும். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, பட்டாளத்திலிருந்து வந்த நாள் முதல் ராணுவக் கேன்டீன் ரம்மோடுதான் கிடந்தார். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அவர் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். அவரைக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஒத்துக்கொண்டார். அந்த மாதம் கேன்டீன் பக்கமே போகவில்லை. காலையில் மொட்டை மாடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு கார்டுக்கும் யோசிப்பார். அந்த நிதானம் எனக்குத் தாங்காது. வயலுக்குத் தண்ணீர் திருப்ப அவர் பாதியில் எழுந்து போனால், மீதியை நான் முடித்து வைப்பேன். எனக்கு இரண்டு நிமிட வேலை. மதிப்பெண் மளமளவென்று ஏறியது. சொன்னபோது மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஏறுவதைப் பார்க்கும் ஆசை எனக்குத்தான் இருந்தது.

மதிப்பெண் ஏற ஏறப் பயிற்சியும் கடினமாகும் என்று படித்திருந்தும் யோசிக்கவில்லை. ஒருநாள் ஒன்பது கார்டுகள் வந்தன. இரண்டுக்கு மேல் அவருக்கு வரவில்லை. அன்றைக்கே வீடியோவில் பேசிய பயிற்சிக் கவுன்சிலர், மதிப்பெண்ணைப் பார்த்து, அவர் முன்னேற்றத்தை வாயாரப் பாராட்டினார். மாமா தலை நிமிரவில்லை.

"போன வாரம் வந்தது இப்ப வருலியே அம்முணி. மூளையே போயிருச்சாட்டம் இருக்குது."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மறுநாள் அவர் கேன்டீன் பையோடு வந்தார்.

மூன்று நாள் கழித்து, அவர் குடிக்காமல் இருந்த ஒரு காலையில், மீதியை முடித்தது நான்தான் என்று சொன்னேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்ப அந்த மார்க்கெல்லாம் உன்னுதா?" என்றார். "பட்டாளத்துல ஒருத்தனுக்காக இன்னொருத்தன் ஓடுனா, ரெண்டு பேருத்தையும் மறுக்கா ஓட உடுவாங்க."

கவுன்சிலரிடமும் சொன்னேன். எதற்கு அவ்வளவு அவசரம் என்று மட்டும் கேட்டார். பயிற்சியை முதல் நிலைக்கே மாற்றித் தந்திருக்கிறார். கேன்டீன் பையில் ஒரு பாட்டில் இன்னும் திறக்காமல் இருக்கிறது.

நாளைக் காலை மூன்று கார்டுகள். மாமா மாடிக்கு வந்தால், எவ்வளவு நேரமானாலும் என் கை என் மடியிலேயே இருக்க வேண்டும்.