தோள் மாறிய பித்தளை வில்லை

மருந்துக் குப்பி செய்யும் ஆலையில் பதினெட்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. வெளிச்சப் பலகை முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற குப்பிகளில் கீறல், குமிழி, தூசி பார்ப்பது. கண்ணில் பட்ட கணமே "ஆகாது!" என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். யோசித்துச் சொல்லலாம் என்று இருந்தால் குப்பி நாலு ஆளைத் தாண்டிப் போயிருக்கும். கூட வேலைசெய்கிறவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பிடிக்காத மாதிரிக் காட்டிக்கொள்வார்.

ஆலை மணி அடித்தாலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. சினிமாவில் பாதி குடித்த டம்ளர் மறுபடி நிரம்பியிருப்பதும், அழுகிறவளின் கம்மல் ஒன்று காணாமல் போவதும் தப்பாமல் அகப்படும். மனைவி அவரோடு படத்துக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிறு மதியம் மட்டும் வேறு வழியில்லை. கிரேக்கப் புராணக் கதை ஒன்றைப் பிரமாண்டமாக எடுத்திருந்தார்கள். வீரனின் சிவப்பு மேலங்கி அவள் தைத்தது. படப்பிடிப்பில் தினமும் அதை அவன் தோளில் மாட்டிவிட்டவளும் அவள்தான். படம் வெளியாகுமுன் வேலை செய்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் போட்டுக் காட்டினார்கள். அடுத்த படத்தில் தையல் பிரிவுக்குத் தலைமை இவளா, இன்னொருத்தியா என்று ஆடை மாஸ்டர் அன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தது.

"வாயைத் தைச்சுக்கிட்டு உட்காரணும், புரியுதா?"

"நீயே தைச்சு விட்டுடேன். ஊசி உன்கிட்டதானே இருக்கு."

திரையில் கடல் தேவனின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டின வெளுத்த தடம். விழுங்கிக்கொண்டார். உடைந்த ஈட்டி மறு நொடியில் முழுசாக நின்றது. அதையும் விழுங்கினார். பிறகு பாதாள வாசலில் மூன்று தலை நாய்க்கு எதிரே வீரன் வந்து நின்றான். மேலங்கியைப் பிடித்திருந்த பித்தளை வில்லை அதுவரை வலது தோளில் இருந்தது. இப்போது இடது தோளில்.

"ஆகாது!"

அரங்கமே திரும்பியது. இரண்டு வரிசை முன்னால் இருந்த ஆடை மாஸ்டரும் திரும்பினார்.

"என்ன சார் ஆகாது?"

குறையைக் கண்டால் இடத்தையும் சொல்வது ஆலை வழக்கம். "வில்லை... தோள் மாறியிருக்கு," என்றார். சொன்னபிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்பது உறைத்தது.

இடைவேளையில் மாஸ்டர் வந்தார். "நாய் சீன் அன்னைக்கு மாட்டிவிட்டது யாரும்மா?"

"நான்தான் மாஸ்டர்."

"இடது தோள்லயா?"

"அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன். ஆனா அன்னைக்கு மூணு தரம் கழட்டி மாட்டினோம். அடிச்சுச் சொல்ல முடியலை."

மாஸ்டர் "ம்" என்றார். அந்த 'ம்' நல்லதாகப் படவில்லை. அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாம் பாதியை அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடி, அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டினார். தீப்பந்தம். வீரனின் முகம். மச்சம். மற்ற இடமெல்லாம் இடது கன்னத்தில் இருந்த மச்சம் அங்கே வலது கன்னத்தில் இருந்தது. அவள் கைபட்ட துணியையே பார்த்துக்கொண்டிருந்ததில் முகத்தை விட்டிருக்கிறார்.

விளக்குப் போட்டதும் நேரே எடிட்டரிடம் போனார். எடிட்டர் வாசலில் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நாய் சீன்ல படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டீங்களா?"

"யார் சொன்னா?"

"மச்சமும் மாறியிருக்குங்க. வில்லையைக் கழட்டி மாட்டலாம். மச்சத்தை யார் கழட்டுவாங்க?"

எடிட்டர் குரலைத் தாழ்த்தினார். "நாய் ஒரு பக்கம் நிக்குது, இவர் வேற பக்கம் பார்க்கிறார். நாயைத் திருப்பினா மூணு தலையையும் கம்ப்யூட்டர்ல மறுபடி வரையணும். ஹீரோவுக்கு ஒரே தலைதானே?"

பின்னால் நின்ற மாஸ்டர் சிரித்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை சீக்கிரம் வாம்மா. இனிமே தையல் பிரிவுச் சாவி உன்கிட்ட," என்றார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள்.

"கோபமா?"

"காப்பாத்தினதுக்குச் சந்தோஷப்படறதா, போட்டுக்கொடுத்ததுக்குத் திட்டறதான்னு யோசிக்கிறேன்."

"எப்ப தெரியும்?"

"பஸ் வரட்டும்."

பஸ் வந்தது. அவள் சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டாள். அவர் கம்பியைப் பிடித்தபடி வீடுவரை நின்றே வந்தார்.